கடலில் படர்ந்த களை: பெயர் வைத்த பிறகே வழி பிறந்தது

வயலில் முன்பின் பார்த்திராத பூச்சி தென்பட்டால், “இது என்ன பூச்சி?” என்பதே முதல் கேள்வி. மருந்தெல்லாம் பிறகுதான். கடலில் சிப்பி வளர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். நியூசிலாந்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம்.

அந்நாட்டில் கடலில் கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் பச்சைச் சிப்பி வளர்க்கிறார்கள். 2001-ல் வடக்குத் தீவின் ஃபாங்கமட்டா துறைமுகத்தில், வெளிர் மஞ்சள் நிறத்தில் தோல் போன்ற ஒரு படலம் படர்ந்திருந்தது. அதன் நுனிகள் கொடிபோல் தொங்கின. அதே ஆண்டு டிசம்பரில், வடக்கிலிருந்து இழுத்துவரப்பட்ட சரக்குத் தோணியின் அடிப்பாகத்தில் ஒட்டியபடி, தெற்குத் தீவில் பிக்டன் ஊரருகே அது காணப்பட்டது. சிப்பிப் பண்ணைகள் மிகுந்த வட்டாரம் அது!

படலம் என்பது என்ன?

அது செடியல்ல, பிராணி. ‘கடல் பீச்சி’ என்ற இனத்தைச் சேர்ந்தது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரே தோலுக்குள் கூட்டாக வாழ்கின்றன. கடல்நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணிய பாசியை வடிகட்டி உண்கின்றன. சிப்பிக்கும் அதே உணவுதான். மேலும், படலம் சிப்பிகளின்மேல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது.

அடையாளம் காண்பது எப்படி?

நிறத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. இதைப் போன்ற இனங்கள் பல உண்டு. மாதிரியைப் பதப்படுத்தி, மைக்ராஸ்கோப்பில் உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். தோலிலுள்ள நட்சத்திர வடிவச் சுண்ணாம்பு முட்கள், விந்துக் குழாய் எத்தனை சுற்றுச் சுற்றியுள்ளது, வால் முளைத்த குஞ்சின் அமைப்பு ஆகியவற்றை அறிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலிய விஞ்ஞானி பட்ரீசியா காட் அம்மையார் இவ்வாறு ஆராய்ந்து, 2002-ல் ‘டிடெம்னம் வெக்ஸில்லம்’ என்று பெயரிட்டார். லத்தீனில் வெக்ஸில்லம் என்றால் கொடி.

சொந்த ஊர் எது?

இது நியூசிலாந்துக்கே உரியது என்று அம்மையார் கருதினார். ஆனால் ஜப்பானின் முட்சு விரிகுடாவில் 1926-ல் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த மாதிரியும் இதே இனம் என்று பின்னர் தெரிந்தது. மரபணு ஆய்வுகளும் ஜப்பான் பக்கமே கைகாட்டின. ஆக, இது வந்தேறி! உள்ளூர் உயிர் என்றால் ஒருவகை நடவடிக்கை; வந்தேறி என்றால் வரும் வழியையே அடைக்க வேண்டும். பழைய மாதிரியைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று.

கட்டுப்படுத்தும் முறை

அருகம்புல்லைக் கொத்திப் போட்டால் கணுவுக்குக் கணு துளிர்ப்பதுபோல, இதன் துண்டுகளும் ஒட்டிய இடத்தில் வளர்கின்றன. எனவே சுரண்டிக் கடலிலேயே போடக் கூடாது. துறைமுகத் தூண்களைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூச்சடைக்கச் செய்து பார்த்தார்கள். பல இடங்களில் இது பலித்தும், அடியோடு ஒழிக்க முடியவில்லை. ஆகவே பரவாமல் தடுப்பதே முக்கியம். படகுகளின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வதும், சிப்பிக் குஞ்சுகளை வேறிடம் கொண்டுபோகுமுன் பரிசோதிப்பதும் அவசியம்.

நமக்குப் பாடம்

புதிய பூச்சியோ களையோ கண்டால், உடனே மருந்து வாங்க ஓட வேண்டாம். பூச்சியைப் பாதித்த இலையோடு சிறு புட்டியில் அடைத்து, களையானால் பூவும் வேருமாகப் பிடுங்கி, இடமும் தேதியும் குறித்து, வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். பெயர் தெரியாத எதிரியோடு போராடினால் பணமும் உழைப்பும்தான் விரயம்.