வரலாற்றுத் துப்பறியும் கதை: இளம் எழுத்தாளருக்கு ஒரு கடிதம்

வரலாற்றுத் துப்பறியும் கதைகளைத் தேடிப் படிக்கும் வாசகருக்குக் குற்றவாளி யார் என்பது பாதிச் சுவைதான். அந்தக் காலத்தில் இருந்த அறிவையும் கருவியையும் கொண்டே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது மீதி. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’யில் தம் துப்பறியும் பாத்திரங்களான கணேஷையும் வசந்தையும் ராஜராஜ சோழன் காலத்துக்கு அனுப்பினார். வக்கீல் கணேஷ் கணேச பட்டர் ஆனார். கோர்ட்டும் ஜாமீன் மனுவும் கூடப் போகவில்லை.

எழுதப் புகுகிறவர் முதலில் பழக வேண்டியது இந்தக் கழித்தல் கணக்கு. ஆர்சனிக் நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் மார்ஷ் சோதனை வெளியானது 1836-இல். கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது 1897-இல். ஸ்ரீரங்கம் கோயிலின் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்த ஆண்டில் ஒருவர் பாலில் பாஷாணம் குடித்து இறந்தால், வைத்தியர் நாக்கையும் நகத்தையும் வாந்தியையும் பார்த்துத்தான் பேச முடியும். கதைக்கு அது குறையல்ல, வசதி.

திருச்சியிலேயே எழுதப்படாத கரு ஒன்று கிடக்கிறது. 1808-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் காவிரி டெல்டாவை அளந்துகொண்டிருந்தார். குன்றே இல்லாத சமவெளி, போதாக்குறைக்குத் தென்னந்தோப்புகள். தூரத்துக் குறி தெரிய கோயில்கள்மேல்தான் ஏற வேண்டும். அரை டன் எடையும் 3 அடி வட்டமும் கொண்ட தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டமே நெளிந்துவிட்டது. லாம்டன் அதைத் திருச்சி ராணுவப் பட்டறைக்குக் கொண்டுவந்து கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி வைத்து, நெளிந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதில் பொருத்தினார். 6 வாரத்தில் வட்டம் ஏறத்தாழப் பழைய உருவுக்கு வந்தது. பின்னாளில் அவருக்குப் பின் நில அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட்டும் அதே கருவியால் அளந்தார்.

வரலாற்றாசிரியர் இங்கே பேனாவை மூடலாம். கதாசிரியருக்கு வேலை தொடங்குவதே இங்கேதான். கயிறு தானாகத்தான் அறுந்ததா? கூடாரத்துக்குள் போய்வந்த கைவினைஞர் வெளியே யாரிடம் என்ன சொன்னார்? அந்த ‘ஏறத்தாழ’வுக்குள் எத்தனை விகலைப் பிழை ஒளிந்திருக்கிறது? கற்பனைக்கு இடம் தாராளம்; ஆப்பையும் கப்பியையும் மட்டும் மாற்றக் கூடாது.

ஊரைப் பற்றிய தகவலுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயிலுக்கே ஒதுக்கப்பட்டது. படிக்க அலுப்புத் தட்டும். ஆனாலும் படிக்க வேண்டும். 1808-இல் நடக்கும் கதையில் ஒருவர் மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே 13 நிலை ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டால், ஸ்ரீரங்கத்து வாசகர் சிரித்துவிடுவார். 236 அடிக் கோபுரம் முடிந்து குடமுழுக்கு நடந்தது 1987-இல். அதுவரை அங்கே நின்றது மொட்டைக் கோபுரம்.