சோப்பைக் கூட்டினால் குமிழி பெருக்குமா?

"சோப்பு பத்தலை மாப்ளே, இன்னும் ஊத்து" என்றார் மாமா. அக்கா மகளின் பிறந்தநாளுக்கு மொட்டை மாடியில் ஆளுயரக் குமிழி விட்டுக் காட்டுகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்திருந்தேன். அன்னக்கூடை நிறைய போர் தண்ணீர், அதில் குளியல் சோப்பைச் சீவிப்போட்டு ஒரு கலக்கு. மேலே வெள்ளைவெள்ளையாகக் கசடு திரண்டது. கம்பி வளையத்தை முக்கித் தூக்கினால் நாலு சொட்டு வடிந்தது, அவ்வளவுதான். மாமா பேச்சைக் கேட்டு பாத்திரம் கழுவும் லிக்விடைக் கவிழ்த்தேன். நுரை பொங்கி வழிந்தது, குமிழி மட்டும் வரவில்லை. கடைசியில் வந்திருந்த வாண்டுகள் அந்த நுரையை எடுத்து ஒருவர் தலையில் ஒருவர் பூசிக்கொண்டு பிறந்தநாளைக் காப்பாற்றின.

அன்றைய கசடுக்குக் காரணம் எளிது. போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஆனால் மாமா சொன்னதும் நான் நம்பியதும் வேறு: சோப்புதான் தண்ணீருக்கு வலு கொடுத்துக் குமிழியைத் தாங்குகிறது, ஆகவே சோப்பு கூடினால் குமிழியும் பெரிதாகும் என்பது.

நடப்பது நேர் எதிர். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கும். பாடப்புத்தகம் இதைப் பரப்பு இழுவிசை என்கிறது. அறை வெப்பத்தில் சுத்தமான தண்ணீருக்கு இது மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் 25, 30-க்கு இறங்கிவிடும். அதாவது சோப்பு தண்ணீரை வலுவாக்கவில்லை, அதன் பிடியைத் தளர்த்துகிறது. வெறும் தண்ணீரை விரித்துப் பிடித்தால் எங்கோ ஓர் இடம் மெலியும். மற்ற பக்கங்கள் வெடுக்கென்று இழுக்க, படலம் கிழிந்து சொட்டாகிவிடும்.

சோப்பு இருந்தால் கதை மாறுகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு ஆகாது. அதனால் அவை படலத்தின் இரு பக்கமும் வரிசைகட்டி நிற்கும், நடுவில் தண்ணீர். படலத்தில் ஓர் இடம் மெலிந்தால் அங்கே சோப்பின் அடர்த்தி குறையும், குறைந்த இடத்தில் இழுவிசை ஏறும். ஏறிய இழுவிசை சுற்றியுள்ள திரவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஓட்டை விழப்போகும் இடத்துக்குப் படலமே ஒட்டுப்போடுகிறது என்று வையுங்கள். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் திரவம் நகரும் இந்த விளைவு, 1865-ல் அதைப் பற்றி எழுதிய இத்தாலியர் கார்லோ மாரங்கோனியின் பெயரால் வழங்குகிறது.

சோப்பை அளவுக்கு மீறிக் கொட்டினால்? மெலிந்த இடத்தை நிரப்ப உள்ளே காத்திருக்கும் சோப்பு உடனே மேலே வந்துவிடும். இழுவிசையில் வித்தியாசமே எழாது, ஒட்டும் விழாது. மாமாவிடம் இதை விளக்கியபோது "அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றைக்கு எனக்கும் தெரியாதே.

அழுக்குப் பாத்திரத் தண்ணீரைப் பார்த்தே இந்தத் துறையில் பெயர் வாங்கிய ஒருவர் உண்டு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்த ஆக்னஸ் பாக்கல்ஸ். பல்கலைக்கழகம் போக வாய்ப்பில்லாத அவர், அசுத்தம் சேரச்சேரத் தண்ணீரின் இழுவிசை எப்படி மாறுகிறது என்று சமையலறையிலேயே கருவி செய்து அளந்தார். முடிவுகளை இயற்பியலர் லார்ட் ராலேக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை அனுப்பிவைக்க, 1891-ல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது.

அடுத்த நம்பிக்கை கிளிசரின். "ரெண்டு ஸ்பூன் கிளிசரின் விட்டால் பெரிசா வரும்" என்பார்கள். பாதி உண்மை. கிளிசரின் காற்றின் ஈரத்தைப் பிடித்துவைத்து, படலம் சீக்கிரம் உலராமல் பார்த்துக்கொள்ளும். கைக்கு அடங்கிய குமிழி இன்னும் கொஞ்ச நேரம் நிற்க அது உதவும். ஆளுயரத்துக்கு வேண்டியது வேறு: நீள நீளமான மூலக்கூறுகள், அதாவது பாலிமர்கள். நூடுல்ஸ் சிக்கிக்கொள்வதுபோல அவை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, படலம் நீளும்போது அறுபடாமல் காக்கும்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக இயற்பியலர் ஜஸ்டின் பர்ட்டன், பார்சிலோனா தெருவில் ஒரு வித்தைக்காரர் விட்ட ராட்சதக் குமிழிகளைப் பார்த்து அசந்துபோய், ஊர் திரும்பி மாணவர்களோடு ஆய்வில் இறங்கினார். முடிவு 2020-ல் வெளிவந்தது. ஒரே நீள மூலக்கூறுகளைவிட, குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் படலம் இன்னும் நன்றாக நீள்கிறது. பழைய டப்பாவிலிருந்த பாலிமர், புதிதைவிட நன்றாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் இது பிடிபட்டதாம். வயதாக ஆக மூலக்கூறுகள் பல நீளங்களில் உடைந்திருந்தன.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு அவர்கள் சொல்லும் சரக்கு குவார் கம். பெயரைக் கேட்டு இறக்குமதிச் சாமான் என்று மிரள வேண்டாம். நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கும் மாவுதான். உலகத்துக்கே அதிகம் விளைவித்துக் கொடுப்பது இந்தியா, அதிலும் ராஜஸ்தான். ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கவும் இதைச் சேர்க்கிறார்கள்.

பெரிய குமிழிக்குள் காற்று முட்டிக்கொண்டு நிற்கும் என்பதும் தவறு. குமிழி பெருக்கப் பெருக்க உள்ளழுத்தம் குறையும். 2 சென்டிமீட்டர் அகலக் குமிழிக்குள், வெளிக்காற்றைவிட சுமார் 10 பாஸ்கல் கூடுதல் என்றால், ஒரு மீட்டர் குமிழிக்குள் வெறும் 0.2. இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் சின்னது பெரியதை ஊதிவிட்டுத் தான் சுருங்கும். அந்த ஒரு மீட்டர் குமிழியின் படலம் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தண்ணீர் 3 மில்லிலிட்டர்தான், ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. அது சுற்றிப் பிடித்திருக்கும் காற்றின் எடையோ அரைக் கிலோவுக்கும் மேல்!

சதுர வளையத்தில் ஊதினால் சதுரக் குமிழி வராது. பறக்கும் குமிழிக்கு வளையத்தின் நினைவே கிடையாது. உள்ளே இருக்கும் காற்றை மூட மிகக் குறைந்த பரப்பு உருண்டைக்குத்தான் என்பதால் அது உருண்டையாகும். நிறம் சோப்பிலும் இல்லை, கேசரிப் பவுடரைக் கலந்து பயனும் இல்லை. படலத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிக் கூடிக் குறைவதில் பிறப்பதே அந்த நிறம். தடிமன் மாற நிறமும் மாறும். தண்ணீர் கீழே வடிய உச்சி மெலிந்து, சில பத்து நானோமீட்டருக்குக் கீழே போனதும் நிறமெல்லாம் போய்க் கருப்பாகத் தெரியும். 1704-ல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலிலேயே நியூட்டன் இந்தக் கரும்புள்ளியைக் குறித்திருக்கிறார். உச்சியில் கருப்பு தெரிந்தால் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் பட்டால் உடையும் என்பதும் முழுக்க சரியல்ல. உலர்ந்த விரல்தான் எமன். கலவையில் நனைத்த கையை முழங்கை வரை உள்ளே விட்டு எடுக்கலாம். குழந்தைகளுக்கு இதைக் காட்டினால் குமிழியையே மறந்துவிடுவார்கள்.

இனி செய்முறை. 2, 3 கிராம் குவார் மாவை முதலில் கொஞ்சம் கிளிசரினில் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளவும். நேரே தண்ணீரில் கொட்டினால் உள்ளே மாவு, வெளியே வழவழப்பு என்று உருண்டை கட்டிவிடும். குழைத்ததை ஒரு லிட்டர் வெந்நீரில் விட்டுப் பத்து நிமிடம் மெல்லக் கிளறினால் தண்ணீர் லேசாகக் கெட்டிப்படும். அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேருங்கள், ஆப்ப சோடா அல்ல. கடைசியாகப் பாத்திரம் கழுவும் லிக்விட் 50 மில்லி, நுரை எழாமல் கலக்க வேண்டும். நுரை வந்துவிட்டால் அடங்கும் வரை தொடாதீர்கள்.

வாயால் ஊதுவதை மறந்துவிடுங்கள். இரண்டு குச்சி, முனைகளை இணைக்க ஒரு நூல், அதைவிட இரு மடங்கு நீளத்தில் கீழே தொங்கும் இன்னொரு நூல், அதன் நடுவே எடைக்கு ஒரு நட்டு. துணி காயப்போடும் நைலான் கயிறு ஆகாது, அது கலவையைக் குடிக்காது. எனக்குக் கைகொடுத்தது பாவாடை நாடா. நனைத்து எடுத்து, குச்சிகளை மெல்ல விரித்துப் பின்னால் நடந்தால் காற்றே நிரப்பிக்கொள்ளும். போதும் என்று தோன்றும்போது குச்சிகளைச் சேர்த்தால் வாய் மூடிக்கொண்டு குமிழி கிளம்பும். உச்சி வெயில் வேண்டாம். மழை விட்ட மாலையோ விடிகாலையோ உத்தமம். கலவை சிந்திய தரை வழுக்கும், மொட்டை மாடியைவிடப் புல்தரை நல்லது.

மீந்த கலவையை நான் மூடிவைத்தேன். மறுநாள் நன்றாகவே வந்தது. சில நாள் கழித்து மூடியைத் திறந்த அக்கா, வாளியோடு என்னையும் வெளியே அனுப்பினாள். என்ன இருந்தாலும் கொத்தவரங்காய் விதை, ஊறினால் கெட்டுப்போகத்தானே செய்யும்.