புதிய பாடமும் மாணவர் ஆர்வமும்: கல்வெட்டியல் வகுப்பு தந்த பட்டறிவு

முன்னுரை

பாடத்திட்டத்தில் ஒரு புதிய தாளைச் சேர்ப்பது எளிது. மாணவர் நெஞ்சில் அதற்கு ஓர் இடம் பெறுவது அரிது. பாடத்திட்டக் குழு ஒரே அமர்வில் முடிவெடுத்துவிடும். பல்கலைக்கழக ஒப்புதலும் ஒருவாறு வந்து சேரும். ஆனால், கடைசி இருக்கையில் அமர்ந்து சாளரத்தின் வழியே வெளியே நோக்கும் மாணவனை அப்பாடத்தின்பால் திருப்புவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு என் வகுப்பறைப் பட்டறிவைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இளங்கலைத் தமிழ் மாணவர்க்கு விருப்பப் பாடமாகக் கல்வெட்டியலைப் பயிற்றத் தொடங்கியபோது நேர்ந்த பிழையும், அதனைத் திருத்திக்கொண்ட முறையும் ஈண்டுக் கூறப்பெறுகின்றன.

முதற்கண் நேர்ந்த பிழை

முதல் ஆண்டில் இப்பாடத்தைத் தேர்ந்தெடுத்தோர் இருபத்து மூவர். முதல் மாதம் முடிவதற்குள் அவர்களுள் ஒன்பதின்மர் இதழியலுக்கு மாற்றித் தருமாறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டனர். பத்துப் பேருக்குக் குறைந்தால் பாடம் கைவிடப்படும் என்பது விதி. எஞ்சியிருந்தோர் பதினால்வரே.

குறை மாணவரிடம் இல்லை, என்னிடமே இருந்தது. கல்வெட்டியலின் விளக்கம், வரையறை, வகைகள், பயன்கள் என்று நான்கு வாரங்களாகக் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டிருந்தனர். பாடத்தின் பெருமையை எடுத்துரைத்தால் ஆர்வம் தானே பிறக்கும் என்று நம்பினேன். ஒரு நாள் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, ஒரு மாதமாகக் கல்லைப் பற்றியே பேசுகிறோம். இன்னும் ஒரு கல்லைக்கூடப் பார்க்கவில்லையே!” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

திறவுகோலாக அமைந்த ஒரு சொல்

மறுநாள் குறிப்பேடுகளை மூடிவைக்கச் சொன்னேன். கரும்பலகையில் பிராமி எழுத்தில் ஐந்து சிறு வரிகளை வரைந்தேன். “இவை யாவும் பொதுமக்கள் ஓர் அறநிலையத்துக்கு அளித்தவை பற்றியன. இதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். உங்கள் கண்ணுக்குப் புலப்படுவதைக் கூறுங்கள்” என்றேன். சிறிது நேர அமைதிக்குப்பின், ஐந்து வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதை ஒரு மாணவி கண்டு சொன்னார். அவ்வாறாயின் அந்த ஈற்றுச் சொல் யாதாக இருக்கலாம்? அதுவரை வகுப்பில் வாய் திறவாத ஒருவர், “உபயமா, ஐயா?” என்றார். எங்ஙனம் ஊகித்தீர் என வினவியபோது, “எங்கள் தெருவில் குழல் விளக்கிலும் சுவர்க் கடிகாரத்திலும் கொடுத்தவர் பெயரை எழுதி, கடைசியில் உபயம் என்றுதானே போட்டிருக்கிறார்கள்” என்றார்.

சொல் சரியன்று, வழி முற்றிலும் சரி. 1837ஆம் ஆண்டில் கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் என்பார், சாஞ்சியிலுள்ள சிறு கல்வெட்டுகளில் பல ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைக் கண்டார். வழிபட வந்தோர் அளித்த கொடைகளாக இவை இருத்தல் வேண்டும் எனக் கருதி, அவ்வீற்றுச் சொல்லைத் ‘தானம்’ எனப் படித்தார். பல நூற்றாண்டுகளாக ஒருவரும் படிக்க இயலாதிருந்த பிராமி எழுத்தைத் திறப்பதற்கு அச்சொல்லே துணை நின்றது. இவ்வரலாற்றைக் கூறியபோது அம்மாணவர் முகத்தில் தோன்றிய ஒளியை நான் இன்றும் மறக்கவில்லை. பேரறிஞர் ஒருவர் நடந்த வழியில் தாமும் நான்கு அடி நடந்துவிட்டோம் என்னும் மகிழ்ச்சி அது. இம்மகிழ்ச்சியை முதல் வாரத்திலேயே மாணவர்க்கு நல்குதல் ஆசிரியர் கடமை என்பதை அன்று உணர்ந்தேன்.

பின்னர், அவரவர் பெயரைப் பிராமியில் எழுதப் பணித்தேன். “ழகரத்துக்கு எழுத்து எங்கே?” என்னும் வினா உடனே எழுந்தது. 1924ஆம் ஆண்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர், குகைக் கல்வெட்டுகளில் ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் இருத்தலைக் காட்டி, அவற்றின் மொழி தமிழே என நிறுவிய செய்தியை அவ்வினாவுக்கு விடையாகக் கூறினேன். முன்னரே சொல்லியிருந்தால் அது வெறும் குறிப்பாகக் கழிந்திருக்கும். வினாவுக்குப் பின் வந்ததால் நெஞ்சில் நின்றது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

மாணவர் எவரும் வெறுங்கையுடன் வகுப்புக்கு வருவதில்லை. நம் கல்லூரி மாணவருள் பலர் இளமையில் மதரசாவில் ஓதியவர்கள்; அரபு எழுத்தறிந்தவர்கள். சிலர் வீட்டில் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் உள்ளன. இவ்வறிவைக் கல்வெட்டியலோடு இணைக்கக் கி.பி. 849ஆம் ஆண்டைச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் பெரிதும் உதவின. கொல்லத்தில் வழங்கப்பெற்ற இச்செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் இவற்றில் குறிக்கப்பெறுகின்றன. சாட்சியாளர் சிலர் அரபு மொழியில், கூஃபி எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர்.

அவ்வொப்பங்களின் நிழற்படத்தைக் காட்டியபோது, “அரபு போல் இருக்கிறது, ஆனால் படிக்க வரவில்லையே” என்றனர் மாணவர். காரணம் புள்ளிகள் இன்மை. பழைய கூஃபி எழுத்தில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. தமிழ்க் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. இரண்டிலும் சொல்லறிவும் சூழலறிவும் கொண்டே படித்தல் வேண்டும். தாம் முன்பே கற்றது இங்கும் பயன்படுகிறது எனக் கண்ட மாணவர்க்குப் புதிய பாடம் அயலாகத் தோன்றவில்லை.

தமிழ் மாணவர் பெற்றிருக்கும் மற்றொரு செல்வம் சங்க இலக்கியப் பயிற்சி. கரூரை அடுத்த புகளூர்க் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரைச் சுட்டுகிறது. பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவரோடு இவர்களை அறிஞர் ஒப்பிடுவர். 1981இல் கண்டறியப்பெற்ற ஜம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ எனக் குறிக்கிறது. அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்னும் நெடுநாள் ஐயம் இதனால் தெளிவுற்றது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் எனத் தாம் கேட்டறிந்த வள்ளல், கற்படுக்கை ஒன்றை ஈந்த செய்தியோடு பாறையில் நிற்பதைக் கண்டபோது வகுப்பில் ஒலி அடங்கியது.

கையால் கற்றல்

அடுத்துக் கல்வெட்டை மைப்படி எடுக்கும் பயிற்சி. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் உரிய ஒப்புதலின்றி இதனைச் செய்தலாகாது. எனவே முதல்வரின் இசைவுடன் நம் கல்லூரி வளாகத்திலுள்ள அடிக்கல்லையே எடுத்துக்கொண்டோம். கல்லை நீரால் கழுவித் தூய்மை செய்து, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களில் படியச் செய்து, மை தோய்ந்த பொதியால் மெல்ல ஒற்றினர். கரிய பரப்பில் வெண்ணிற எழுத்துகள் மேலெழுந்தபோது, நாள்தோறும் கடந்து சென்ற கல்லை அன்றுதான் முதன்முறையாகப் படித்தனர். விலக விண்ணப்பித்த ஒன்பதின்மருள் நால்வர் சுற்றி நின்று பார்த்தனர். மறுவாரம் மீண்டும் வகுப்புக்கு வந்தனர்.

வேலை என்னும் வினா

“இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்னும் பெற்றோரின் கேள்வியைத் தட்டிக் கழித்தல் முறையன்று. உண்மையைச் சொல்லுதலே நேர்மை. கல்வெட்டாய்வாளர் பணியிடங்கள் மிகச் சிலவே. மேற்படிப்புக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையின் பயிற்சியும் உள்ளன. ஏனையோர்க்குக் கிட்டுவது, சான்றின்றி எதனையும் ஏற்காத மனப்பழக்கம். அது எப்பணியிலும் துணை நிற்கும். தமிழ்ப் பிராமி ஆய்வில் தலைசிறந்த ஐராவதம் மகாதேவன், இந்திய ஆட்சிப் பணியிலிருந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. இவ்வாறு ஒளிவின்றிக் கூறியபின் எம் வகுப்பிலிருந்து எவரும் விலகவில்லை.

நிறைவுரை

அப்பருவத்தின் இறுதியில், ‘உபயம்’ எனச் சொன்ன அதே மாணவர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அவர் ஊரில் குளக்கரையில் துணி துவைக்கப் பயன்பட்ட கல்லின் மறுபுறத்தில் எழுத்துகள் இருத்தலைக் கண்டு, அவற்றைப் பார்த்து வரைந்திருந்தார். ஒரு பெயரின் பாதியும், ஈற்றில் ‘தருமம்’ என்னும் சொல்லும் மட்டுமே தேறின. எஞ்சியவை தேய்ந்து மறைந்துவிட்டன. குளத்துக்குப் படி கட்டியவர் பெயராக இருக்கலாம்; உறுதியாகக் கூற இயலவில்லை. ஊர்ப் பெரியோர் அக்கல்லை எடுத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துள்ளனர். சில ஆண்டுகள் முன்னரே அதனைப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர் அவ்வூரில் இருந்திருப்பின், அறம் செய்தவர் பெயர் முழுமையாகக் கிடைத்திருக்கும்.

புதிய பாடத்தின் வெற்றி அதன் பெருமையைப் பறைசாற்றுவதில் இல்லை. மாணவர் முன்பே அறிந்த ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு, அவரே ஒன்றைக் கண்டறியுமாறு செய்தலில் உள்ளது. மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்க் குளக்கரையையும் பழம்பள்ளிவாசல் முற்றத்தையும் ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். சமுதாயப் பெரியோர், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல் எதனையும் உடைக்காமல் எங்களுக்கு ஒரு சொல் அறிவிக்குமாறு வேண்டுகிறேன். படிக்க எங்கள் மாணவர் காத்திருக்கின்றனர்.