எஞ்சின் நிற்கவில்லை, விமானம் இறங்கியது

அன்று காலை விஸ்கான்சினில் மைனஸ் 14 டிகிரி. ஆறு வருடம் ஹேங்கரில் நின்று என் கையால் கட்டிய இரண்டு சீட் விமானம், அதற்குள் 58 மணி நேரம் பறந்திருந்தது. கிளம்பி 1,000 அடி ஏறி, ரன்வேக்கு இணையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று எஞ்சின் அலறியது. 4,200-இல் நின்ற ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. அதே நொடியில் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்த உந்துவிசை இல்லாமல் போனது. எஞ்சின் முழு மூச்சில் ஓடுகிறது, விமானமோ இறங்குகிறது.

த்ராட்டிலை மூடினேன், மூக்கைத் தாழ்த்தினேன், ரன்வேயைப் பார்த்துத் திரும்பினேன். ரன்வே பக்கத்திலேயே இருந்ததால் பாதி நீளத்தில் தரை தொட்டேன். விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஹேங்கருக்கு இழுத்து வந்து, இக்னிஷன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புரொபெல்லரை ஒரு கையால் தள்ளினேன். தடங்கலே இல்லாமல் சுற்றியது. கை தள்ளும்போது எதிர்த்துத் தள்ளவேண்டிய கம்ப்ரெஷன் எங்கே போயிற்று? எஞ்சின் மூடியான கௌலிங்கைக் கழற்றியதும் தெரிந்தது. பிளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கப்ளிங்கில், இரும்பு வளையத்தை விட்டு ரப்பர் முழுசாக உரிந்திருந்தது. கௌலிங்கின் அடித்தட்டில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புத் தூள். ஓரங்களில் அது எண்ணெயோடு கலந்து பல நாளாகக் கெட்டித்துப்போயிருந்தது. அன்று காலையில் மட்டும் உதிர்ந்த தூள் அல்ல அது. வாரக்கணக்காக என் கண்ணுக்கு முன்னாலேயே உதிர்ந்திருக்கிறது.

கார் எஞ்சினை விமானத்தில் வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நாம் கவலைப்படுவதெல்லாம் எஞ்சினைப் பற்றி. உடைவது பெரும்பாலும் எஞ்சினுக்கும் புரொபெல்லருக்கும் நடுவில் இருப்பது.

காரில் உழைப்பது இங்கே ஏன் உடைகிறது?

என்னுடையது 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் சுபாரு எஞ்சின். நல்ல எஞ்சின், இன்றும் அதுதான் ஓடுகிறது. ஆனால் கார் எஞ்சின் தன் சக்தியைத் தருவது 4,500, 5,000 ஆர்.பி.எம். பக்கத்தில். புரொபெல்லருக்கு ஏற்றது 2,000-இலிருந்து 2,700 வரை. லைகாமிங் ஓ-320 போன்ற விமான எஞ்சின் 5.2 லிட்டர் கொள்ளளவோடு 2,700-இலேயே 150 குதிரைத்திறன் தந்துவிடும். அதில் புரொபெல்லரை நேரே கிராங்க்ஷாஃப்டில் மாட்டலாம். நமக்கு நடுவில் கியரோ பெல்ட்டோ தேவை. எனக்கு ஒரு சிறு பட்டறையில் செய்த 2.2-க்கு 1 கியர்பாக்ஸ்.

பிஸ்டன் எஞ்சின் சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. 900 ஆர்.பி.எம். ஐடிலில் நொடிக்கு 30 அடி. காரில் அந்த அடிகளைக் கிளட்ச் தட்டின் ஸ்பிரிங், நீளமான ஷாஃப்ட், டயர் எல்லாம் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். விமானத்தில் ஒரு முனையில் பிளைவீல், மறுமுனையில் கனமான புரொபெல்லர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கப்ளிங் ஒரு ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். அந்த ஸ்பிரிங்குக்கு இயல்பான தாளம் ஒன்று உண்டு. எஞ்சினின் அடி அந்தத் தாளத்தோடு சேர்ந்துவிட்டால் அதுதான் ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரலால் தள்ளினாலே உத்தரம் வரை போகுமே, அப்படி. சிறிய முறுக்கு சில நொடிகளில் பல மடங்காகிவிடும்.

என் கப்ளிங்கின் தாளம் கோடையில் 720 ஆர்.பி.எம். பக்கத்தில் இருந்தது. ஐடில் 900. தள்ளியே இருக்கிறது என்று நம்பினேன். குளிரில் ரப்பர் விறைக்கும் என்பதை யோசிக்கவில்லை. விறைப்பு ஒன்றரை மடங்கு ஆனால் தாளம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 22 சதவீதம் ஏறும். 720 என்பது 880 ஆகிவிடும். டிசம்பர் முழுக்க, எஞ்சின் சூடாகட்டும் என்று பத்துப் பதினைந்து நிமிடம் நான் 900-இல் ஓடவிட்டது சரியாக அந்தத் தாளத்தின் மேலேதான். கியர்பாக்ஸிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. குளிருக்கு எல்லா கியர்பாக்ஸும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். எடை குறையட்டும் என்று பிளைவீலில் மூன்று கிலோவைக் கடைந்தெடுத்திருந்தேன். எஞ்சின் பக்கத்துச் சுழல் நிறை குறைந்தால் தாளம் இன்னும் மேலே ஏறும். காரில் பலர் செய்யும் வேலைதான். இங்கே ஐடிலுக்கும் ஒத்ததிர்வுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நானே சுருக்கிக்கொண்டேன்.

எதிர் ஹேங்கர் பெரியவர்

அன்று மாலை, வாழ்நாளெல்லாம் டிராக்டர் பழுதுபார்த்த எதிர் ஹேங்கர் பெரியவர் வந்தார். உரிந்த ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு டார்ச்சைக் கப்ளிங் போல்ட்டுகளின் மேல் அடித்து, "இதைப் பார்" என்றார். இரண்டு இரும்பு முகங்கள் சேரும் கோட்டில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள். "இரும்பும் இரும்பும் உரசினால்தான் இது வரும். ரப்பர் உரியாமல் இருந்திருந்தால் அடுத்து இந்த போல்ட் போயிருக்கும்."

போல்ட் இறுக்கிப் பிடிக்கும் பிடியில்தான் முறுக்கு விசை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகவேண்டும். போல்ட்டின் உடம்பு அதைச் சுமக்கக் கூடாது. அந்த முகத்தில் நான் துருப்பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட் அடித்திருந்தேன். பெயிண்ட் நசுங்கி, இறுக்கம் தளர்ந்து, முகங்கள் மயிரிழை அளவு உரச ஆரம்பித்திருக்கின்றன.

போகும்போது அவர் ரைட் சகோதரர்களை நினைவுபடுத்தினார். 1903 நவம்பரில் கில் டெவில் ஹில்ஸில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அவர்களுக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட்தான் பழுதானது. தங்கள் ஊரான டேட்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து வந்தால், எஞ்சினின் உலுக்கலில் ஸ்பிராக்கெட் நட்டுகள் கழன்றுகொண்டே இருந்தன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றித்தான் நிறுத்தினார்கள். நவம்பர் 28-இல் குழாய் ஷாஃப்டில் விரிசல். ஆர்வில் டேட்டனுக்கே போய், குழாய்க்குப் பதிலாகத் திண்மையான ஸ்பிரிங் ஸ்டீலில் புதிய ஷாஃப்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார். 17-ஆம் தேதி பறந்தார்கள். விமானம் பறப்பதற்கு முன்பே பிறந்த பிரச்சினை இது.

நான் கற்றுக்கொண்டவை

முதலில், ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்த கியர்பாக்ஸையும் வாங்காதீர்கள். விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் எஞ்சினோடு சேர்ந்து எந்த ஆர்.பி.எம்.மில் ஒத்ததிர்வு வரும்? எவ்வளவு நிலைமத் திருப்புத்திறன் வரையுள்ள புரொபெல்லரை இது தாங்கும்? பதில் எண்ணாக வரவேண்டும். "நிறையப் பேர் ஓட்டுகிறார்கள்" என்பது பதில் அல்ல.

புரொபெல்லரை நீங்களே அளக்கலாம். ஹேங்கர் உத்தரத்திலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு கயிற்றில் அதைக் கிடையாகத் தொங்கவிட்டு, லேசாகத் திருப்பி விடுங்கள். முன்னும் பின்னும் ஆடும். இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். எடை, கயிற்றின் நீளம், கயிறுகளுக்கு நடுவே உள்ள தூரம், ஆட்ட நேரம், இந்த நான்கும் இருந்தால் நிலைமத் திருப்புத்திறனைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு மணி நேர வேலை. நான் இதைச் செய்தது கப்ளிங் உரிந்த பிறகு.

ஐடிலை உயர்த்துங்கள். மென்மையான கப்ளிங் என்றால் ஒத்ததிர்வைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலே ஐடில் இருக்கட்டும், 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் கப்ளிங் அதிர்வை அடக்கவே ஆரம்பிக்கும். என் ஐடில் இப்போது 1,500. ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஒத்ததிர்வு எல்லையைத் தாண்டித்தான் ஆகவேண்டும், அதைத் தயங்காமல் தாண்டுங்கள். குளிர்காலத்தில் கப்ளிங்கையும் ஹீட்டரால் சூடாக்கிய பிறகே சாவியைத் தொடுகிறேன்.

ரப்பருக்குச் சூடும் எதிரி. எக்ஸாஸ்ட் குழாய் கப்ளிங் பக்கத்தில் போனால் நடுவில் தகடு வையுங்கள். வெளியில் பழுது தெரியாவிட்டாலும் மணிக் கணக்கு வைத்து மாற்றுங்கள்.

சேரும் முகங்கள் சுத்தமாக, காய்ந்து, பெயிண்ட் இல்லாமல் இருக்கட்டும். புது போல்ட், டார்க் ரெஞ்ச். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து இரும்பு வரை பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

பெல்ட் வைத்தவர்கள் இழுவிசையைக் கருவியால் அளக்கவேண்டும். தளர்ந்தால் பல் தாண்டும். அதிகம் இழுத்தால் அந்தச் சுமை பேரிங்கிலும் கிராங்க்ஷாஃப்டிலும் ஏறும். நேரடியாக மாட்டுகிறவர்களுக்குப் புரொபெல்லர் தரும் வளைவுச் சுமை முழுவதும் கிராங்க்ஷாஃப்டுக்கே. கோர்வேர் கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றுகிறவர்கள் கிராங்க்ஷாஃப்டை நைட்ரைடிங் முறையில் கடினமாக்குவதும், புரொபெல்லர் பக்கம் கூடுதலாக ஒரு பேரிங் வைப்பதும் இதனால்தான். அது கிராங்க்ஷாஃப்டின் குறை அல்ல, புரொபெல்லரைச் சுமப்பதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. புரொபெல்லர் தரையில் லேசாகத் தட்டினால்கூட, எல்லாவற்றையும் பிரித்து விரிசல் சோதனை செய்யாமல் மறுபடி பறக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் பிளக் காந்தம் உள்ளதாக இருக்கட்டும். அதில் சாம்பல் நிறக் குழம்பு சிறிது இருந்தால் தேய்மானம். நகத்தில் நெருடும் துகள் இருந்தால் அன்று பறத்தல் இல்லை.

கடைசியாக, சோதனைப் பறத்தலைச் சுருக்காதீர்கள். அமெரிக்காவில் சான்று பெற்ற எஞ்சின்-புரொபெல்லர் ஜோடிக்கு வழக்கமாக 25 மணியும், மற்றவற்றுக்கு 40 மணியும் என்று வைத்திருப்பது காரணத்தோடுதான். நான் 40-ஐ முடித்துவிட்ட நிம்மதியில் இருந்தபோதுதான் 58-இல் இது நடந்தது. அன்று ரன்வேக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் தப்பித்தேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் ஜெனரல் ஏவியேஷன் விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். 2011-இல் உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 சதவீதம். அந்த எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதுக் கப்ளிங், பழைய கனத்திலேயே வேறொரு பிளைவீல், பெயிண்ட் சுரண்டிய முகங்கள் என்று எல்லாவற்றையும் மாற்ற நான்கு மாதம் ஆனது. அப்போது செய்த இன்னொரு வேலைக்கு அரை லிட்டர் பெயிண்ட்தான் செலவு. கௌலிங்கின் உட்புறம் முழுக்க வெள்ளை அடித்தேன். இப்போது ஒவ்வொரு முறை பறந்து வந்ததும் கௌலிங்கைக் கழற்றி, வெள்ளைத் துணியால் அடித்தட்டை ஒரு முறை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கறுப்பும் இல்லை, செம்மண் நிறமும் இல்லை என்றால் அந்தத் துணியை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, லாக்புக்கில் மணி நேரத்தை எழுதுகிறேன். நேற்று 312 என்று எழுதினேன்.