விவரக் கோப்பு சொல்லாத விவரங்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

இன்னொரு நிறுவனத்தின் சர்வரோடு நம் மென்பொருளைப் பேசவைக்கும் வேலை வந்தால், பல இடங்களில் முதலில் கைக்கு வருவது ஒரு டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு. அந்தச் சேவையில் என்னென்ன செயல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன அனுப்ப வேண்டும், என்ன திரும்பி வரும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் எக்ஸ்எம்எல்லில் எழுதிவைத்த விவரக் கோப்பு அது. ஒரு கருவியிடம் கொடுத்தால் நிமிடத்தில் கிளையன்ட் நிரலை அதுவே எழுதித் தந்துவிடும். இந்த வசதியை ஒட்டித்தான் பல தவறான நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் சொல்லக் கேட்டு, அடுத்து வருபவருக்கு அதையே சொல்லிக்கொடுத்து, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர்கள் இரவு ஷிப்டில் போன் எடுக்கும் சப்போர்ட் பிள்ளைகள். அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: எல்லாம் கோப்பிலேயே இருக்கிறது. கம்பைல் ஆகிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான்.

கோப்பு சொல்வது வடிவத்தை மட்டும். ரயில் முன்பதிவுப் படிவத்தில் பெயர், வயது, வண்டி எண், வகுப்பு என்று கட்டங்கள் இருக்கும். அந்த வண்டியில் இடம் இருக்கிறதா, தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைப் படிவத்தில் தேடினால் கிடைக்காது. விவரக் கோப்பும் அப்படித்தான்.

ஐரோப்பிய ஆணையம் நடத்தும் வி.ஐ.இ.எஸ். சேவையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டு நிறுவனத்துக்குச் சரக்கு விற்கும்போது, வாங்குபவரின் வாட் எண் செல்லுபடியாகிறதா என்று பார்த்தாக வேண்டும். 2020 ஜனவரி முதல், செல்லுபடியாகும் எண் இருந்தால்தான் விற்பவருக்கு வரிவிலக்கு கிடைக்கும். எனவே பில் போடும் மென்பொருள்கள் பலவும் இந்தச் சேவையைக் கூப்பிடுகின்றன. விவரக் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 'செக்வாட்' என்ற செயலுக்கு உள்ளீடு இரண்டே: நாட்டுக் குறியீடு, வாட் எண். இரண்டின் வகையும் வெறும் எழுத்துச்சரம்.

இப்போது கிரீஸ் நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். உலகெங்கும் கிரீஸுக்கு வழங்கும் ஐஎஸ்ஓ குறியீடு ஜிஆர். வி.ஐ.இ.எஸ்.ஸில் அது இஎல். ஜிஆர் என்று அனுப்பினாலும் கோப்பின்படி அது முறையான கோரிக்கைதான், ஏனென்றால் எழுத்துச்சரம் கேட்டோம், எழுத்துச்சரம் கொடுத்தோம். சர்வர்தான் 'இன்வேலிட் இன்புட்' என்று திருப்பி அனுப்பும்.

2021 ஜனவரி 1 அன்று நடந்தது இதைவிடப் பெரியது. பிரிட்டன் வெளியேறியதால் ஜிபி என்று தொடங்கும் எண்களைச் சரிபார்ப்பது அன்றோடு நின்றது. வட அயர்லாந்து வணிகர்களுக்கு எக்ஸ்ஐ என்ற புதிய முன்னொட்டு வந்தது. இதற்காகக் கோப்பின் வடிவத்தில் எதையும் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. முதல் நாள் மாலைவரை பிரிட்டிஷ் எண்களுக்குப் பதில் வாங்கிக்கொண்டிருந்த நிரல், ஒரு எழுத்தும் மாறாமல், மறுநாள் காலை தோற்றது. கோப்பில் மாற்றம் வந்தால் மட்டும் விழித்துக்கொள்வோம் என்று இருந்தவர்களுக்கு எச்சரிக்கை வர வழியே இல்லை.

இன்னொன்று. இந்தச் சேவை எண்களைத் தன்னிடம் சேர்த்துவைப்பதில்லை. கேள்வியை அந்தந்த நாட்டின் வரித்துறைத் தரவுத்தளத்துக்குக் கடத்திவிட்டு, அங்கிருந்து வரும் பதிலைத் தருகிறது. அந்த நாட்டின் சர்வர் படுத்துவிட்டால் 'எம்எஸ் அனவெய்லபிள்' என்ற பிழை வரும். 'இப்போது தெரியவில்லை, பிறகு கேள்' என்பதுதான் அதற்குப் பொருள். எல்லாப் பிழையையும் ஒரே கூடையில் போட்டு 'எண் தவறு' என்று திரையில் காட்டும் நிரல், ஒழுங்காக வரி கட்டும் ஒருவரை ஏமாற்றுக்காரர் போல நிறுத்திவைக்கிறது. இந்தப் பிழைகளின் பட்டியல் கோப்புக்குள்ளேயே உண்டு. ஆனால் மனிதர்கள் படிப்பதற்கான விளக்கக் குறிப்பாக இருக்கிறது. நிரல் எழுதும் கருவி அதைப் பொருட்படுத்தாது. ஜெர்மனி எண்களுக்குப் பெயரும் முகவரியும் வராமல் மூன்று சிறு கோடுகள் மட்டும் வரும் என்பதும் கோப்பின் வடிவத்திலிருந்து தெரியவராது. கருவியிடம் கொடுப்பதற்கு முன் கோப்பை ஒரு முறை நோட்பேடில் திறந்து படியுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

நம்பிக்கை: கருவி எழுதிய நிரலில் தவறு வராது.

கருவி தவறு செய்வதில்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது எழுதியதை நாம் வாசிப்பதில்லை. டாட்நெட் உலகில் தினம் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 'தொகை' என்ற எண் புலம், 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று கோப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்எம்எல்-சீரியலைசர் வழியில் நிரல் உருவானால், அந்தப் புலத்துக்குத் துணையாக 'அமவுன்ட்-ஸ்பெசிஃபைட்' என்று இன்னொரு ஆம்-இல்லை புலத்தையும் கருவி சேர்த்துவிடும். தொகையில் 5,000 என்று போடுகிறோம். துணைப் புலத்தைத் தொடாமல் விடுகிறோம். அது 'இல்லை' என்றே இருக்கும். எனவே செய்தி கிளம்பும்போது தொகை அதில் இருக்காது. நம் பக்கம் பிழை இல்லை, எதிர்ப்பக்கமும் கட்டாயப் புலம் அல்ல என்பதால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். டீபக்கரில் பார்த்தால் 5,000 பளிச்சென்று தெரியும். கம்பியில் போன எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால்தான் காணாமல் போனது தெரியும். ஒரு வலைச்சேவையோடு சண்டை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த நிஜமான எக்ஸ்எம்எல். சோப்யூஐ போன்ற கருவியில் அதே கோப்பை ஏற்றி, அங்கிருந்து போகும் செய்தியையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

நம்பிக்கை: கோப்பில் உள்ள முகவரியே சேவையின் முகவரி.

கோப்பின் கடைசிப் பகுதியில் ஒரு முகவரி இருக்கும். அது வெறும் தொடக்க மதிப்பு. லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வர், தன் உள் நெட்வொர்க் பெயரையே அதில் எழுதித் தந்துவிடுவது வழக்கமாக நடப்பது. வெளியிலிருந்து அந்தப் பெயருக்கு எந்த வழியும் கிடையாது. ஜாவா, டாட்நெட், பிஎச்பி, பைத்தான் எதிலும் முகவரியை நிரலிலிருந்தே மாற்றிக்கொள்ள முடியும். டெஸ்ட் சர்வருக்கு ஒன்று, நேரலைக்கு ஒன்று என்று கிளையன்ட் நிரலை இரண்டு முறை உருவாக்கி வைத்திருப்பவர்கள் அந்தச் சுமையை இறக்கிவைக்கலாம்.

முகவரியே இல்லாத கோப்புகளும் உண்டு. தெருமுனையிலும் கடை வாசலிலும் தொங்கும் ஐபி கேமராக்களில் ஏராளமானவை பேசுவது ஆன்விஃப் மொழி. அதை வகுப்பது, ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய அதே பெயருள்ள அமைப்பு. அது வெளியிடும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் செயல்கள் இருக்கும், செய்தி வடிவம் இருக்கும். முகவரி எப்படி இருக்கும்? ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு முகவரி. நெட்வொர்க்கில் கேமராவைத் தேடிக் கண்டுபிடித்து, முகவரியை நாமே ஊட்ட வேண்டும்.

அதற்குப் பிறகும் கதவு சுலபமாகத் திறப்பதில்லை. பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சரியாக இருந்தும் 'அனுமதி இல்லை' என்று கேமரா திரும்பத் திரும்பச் சொல்லும். கடவுச்சொல்லோடு ஒரு தற்செயல் எண்ணையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கலக்கித்தான் அனுப்புகிறோம். கேமராவின் கடிகாரத்துக்கும் நம்முடையதுக்கும் வெகுதூரம் இருந்தால், பழைய செய்தி என்று தள்ளிவிடும். மின்சாரம் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும் கடிகாரங்கள் இந்தக் கேமராக்களில் உண்டு. இதற்காகவே, 'உன் கடிகாரத்தில் இப்போது மணி என்ன' என்று கடவுச்சொல் இல்லாமலே கேட்க ஒரு செயலை ஆன்விஃப் வைத்திருக்கிறது. முதலில் அதைக் கேட்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கேமராவின் நேரத்திலேயே பேச வேண்டும். கோப்பில் அந்தச் செயல் மற்றவற்றோடு ஒன்றாக, எந்தச் சிறப்புக் குறிப்பும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எதற்கு இருக்கிறது என்பது நெறிமுறை ஆவணத்தைப் படித்தவருக்கே தெரியும்.

நம்பிக்கை: சேவையை நாம் கட்டும்போது நிரலை எழுதினால் போதும். கோப்பு தானே உருவாகிவிடும்.

உருவாகும். பிரச்சினையும் அங்கேதான் உருவாகிறது. ஜாவாவில் பெயர் குறிப்பிடாமல் விட்டால், வெளியுலகம் பார்க்கும் கோப்பில் உள்ளீடுகளுக்கு ஆர்க்0, ஆர்க்1 என்று பெயர் விழும். டாட்நெட்டில் பெயர்வெளியைக் கொடுக்காமல் விட்டால் டெம்புரி டாட் ஆர்க் என்ற தற்காலிகப் பெயர் ஒட்டிக்கொள்ளும். தற்காலிகம் என்றுதான் பெயரிலேயே இருக்கிறது. பிறகு திருத்தலாம் என்று வெளியிட்டு, பத்து வாடிக்கையாளர்கள் அதன்மீது கட்டிவிட்டால், அதைத் தொட்ட அன்று பத்துப் பேருக்கும் உடையும். நிரலுக்குள் ஒரு புலத்தின் பெயரை அழகாக மாற்றினால்கூட, அது கோப்பு வழியாக வெளியே போய் அடுத்தவர் வேலையைக் கெடுக்கும்.

வரிசை இன்னும் மோசம். எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் 'சீக்வென்ஸ்' என்று இருந்தால் புலங்கள் அதே வரிசையில் வந்தாக வேண்டும். டாட்நெட்டின் டேட்டா-கான்ட்ராக்ட்-சீரியலைசர், நாம் வரிசை சொல்லாவிட்டால் ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக்கொள்ளும். கையால் எக்ஸ்எம்எல் எழுதி அனுப்பும் ஒரு கிளையன்ட் இரண்டு புலங்களை இடம் மாற்றி வைத்தால், சீரியலைசர் பிழை சொல்லாது. அந்த மதிப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, வெறுமையாகவோ பூஜ்யமாகவோ எடுத்துக்கொள்ளும். ஆர்டரில் எண்ணிக்கை பூஜ்யமாக வந்தது ஏன் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

நான்கைந்து பேர் மட்டும் பயன்படுத்தும் உள்வேலைச் சேவைக்கு நிரலிலிருந்து உருவாகும் கோப்பு போதும். வெளியாருக்குக் கொடுக்கும் சேவை என்றால் கோப்பை முதலில் எழுதுங்கள். ஸ்கீமாவில் புலங்களுக்குப் பெயர், வரிசை, எது கட்டாயம் என்பதை உட்கார்ந்து முடிவுசெய்து, அதிலிருந்து சர்வர் நிரலின் எலும்புக்கூட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் இதைச் செய்துதரும். ஸ்ப்ரிங் வெப் சர்வீசஸ் இந்த வழியை மட்டும்தான் ஆதரிக்கிறது. இது நேரவிரயம் என்று சொல்லும் திட்ட மேலாளர்களோடு நான் உடன்படுவதில்லை. கோப்பு வெளியே போன பிறகு செய்யும் ஒவ்வொரு திருத்தமும் இன்னொருவரின் நேரத்தில் செய்வது.

'கட்டாயமில்லாத புலத்தைச் சேர்த்தால் யாருக்கும் பாதிப்பில்லை' என்பதும் பாதிதான் சரி. அறியாத புலத்தைக் கண்டுகொள்ளாமல் போகும் கிளையன்ட்டுகளும் உண்டு, ஆக்சிஸ்2 என்ற ஜாவா கருவி உருவாக்கிய பழைய கிளையன்ட்டுகள் போல 'எதிர்பாராத புலம்' என்று நின்றுவிடுபவையும் உண்டு. சேர்ப்பதற்கு முன் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

நம்பிக்கை: சர்வரில் கோப்பு மாறினால் நமக்கு உடனே தெரியும்.

பிஎச்பியின் சோப்கிளையன்ட், இறக்கிய கோப்பை இயல்பாக 86,400 வினாடி, அதாவது ஒரு முழு நாள், சேமித்து வைத்திருக்கும். 'நேற்றே மாற்றிவிட்டோம்' என்று அவர்களும் 'எங்களுக்கு வரவில்லை' என்று நாமும் வாதாடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இணையத்திலிருந்து கோப்பை எடுக்கும் நிரல், எதிர்ப்பக்கச் சர்வர் படுத்திருந்தால் எழுந்திருக்கவே செய்யாது. கோப்பின் பிரதியை நம் திட்டத்தோடு வைத்துக்கொண்டு, இரவில் ஒரு முறை அசலோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

நம்பிக்கை: டபிள்யூஎஸ்டிஎல்லின் புதிய பதிப்பான 2.0ஐப் பயன்படுத்துவதே நல்லது.

வேண்டாம். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் 2001 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியிடம் கொடுத்த 1.1 வெறும் குறிப்பாகவே வெளிவந்தது. அதிகாரபூர்வப் பரிந்துரையாக 2.0 வந்தது 2007 ஜூனில். அதற்குள் உலகம் 1.1ஐச் சுற்றிக் கட்டி முடித்துவிட்டது. பிஎச்பியின் சோப்கிளையன்ட்டும் பைத்தானின் ஜீப் நூலகமும் இன்றும் 1.1ஐத்தான் வாசிக்கின்றன.

நம்பிக்கை: இதெல்லாம் செத்துப்போன தொழில்நுட்பம். ஓப்பன்ஏபிஐ வந்ததும் இந்தத் தொல்லைகள் தீர்ந்தன.

2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தபோது, கூடவே வந்துகொண்டிருந்த, கோப்பிலிருந்து கிளையன்ட் நிரலை எழுதும் டபிள்யூஎஸ்-இம்போர்ட் கருவி நீக்கப்பட்டது. 'பார்த்தீர்களா' என்றார்கள். கருவி தனி நூலகமாகத் தொடர்கிறது, மேலே சொன்ன கேமராக்களும் ஐரோப்பிய வரிச் சேவையும் வேலைசெய்துகொண்டுதான் இருக்கின்றன. புதிதாகக் கட்டுபவர்கள் ஜேசன் வடிவத்தின் பக்கமும், அத்தகைய சேவைகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ முறையின் பக்கமும் போவது சரியே. ஸ்வாக்கர் என்ற பெயரில் தொடங்கி 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வந்த அந்த முறையில், புலங்களின் வரிசைத் தொல்லை கிடையாது. ஆனால் நாட்டுக் குறியீட்டை 'ஸ்ட்ரிங்' என்று மட்டும் எழுதி வெளியிட்டால், கிரீஸ் வாடிக்கையாளர் அங்கேயும் மாட்டிக்கொள்வார். ஏற்கும் குறியீடுகளின் பட்டியலை எழுத ஓப்பன்ஏபிஐயிலும் இடம் உண்டு, எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலும் இடம் உண்டு. எந்தப் பிழை வந்தால் மறுபடி முயலலாம், எது வந்தால் கூடாது என்று விளக்கி எழுதவும் இரண்டிலும் இடம் உண்டு. அந்த இடங்களை நிரப்பும் கருவி எதுவும் இல்லை. சேவையைக் கட்டுபவர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.