புவிநடுக்கத்தின் திசைக் கணக்கு

எண்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் இடை கிடைக்கும். கீழ் வகுப்பிலேயே நாம் கற்ற இவ்வழி, புவிநடுக்கம் நிகழும் இடங்களைக் கணிக்கும்போது பிழைத்துவிடுகிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

பசிபிக் சமுத்திரத்தில் பிஜி, டொங்கா தீவுகளை அண்டிய பகுதியில் அடிக்கடி புவி நடுங்கும். 180 பாகை நெடுங்கோடு அவ்வழியே செல்கிறது. ஒரு நடுக்கம் கிழக்கு 179 பாகையிலும் மற்றையது மேற்கு 179 பாகையிலும் நிகழ்ந்தன எனக் கொள்வோம். மேற்கை மறை எண்ணாக எடுத்து இடை கண்டால் விடை 0 பாகை. அதாவது, பிஜிக்கு அருகே நடந்தவற்றின் மையம் ஆபிரிக்காவுக்கு மேற்கே அத்திலாந்திக் சமுத்திரத்தில்! கூட்டலில் தவறில்லை, உருண்டையான பூமியை நேர்கோடாக எண்ணியதே தவறு.

இதற்குத் திசைப் புள்ளிவிபரவியல் வழி காட்டுகிறது. பூமியின் மையத்திலிருந்து ஒவ்வோர் இடத்தையும் நோக்கி ஓரலகு நீளமுள்ள காவி ஒன்றை வரைந்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விளையுட் காவியின் திசையே சராசரி இடம். மேலுள்ள உதாரணத்தில் அது சரியாக 180 பாகையைக் காட்டும். விளையுளின் நீளத்தை எண்ணிக்கையால் வகுக்கும்போது 1ஐ அண்மித்தால் நடுக்கங்கள் ஓரிடத்தில் செறிந்துள்ளன. 0ஐ அண்மித்தால் ஒன்றையொன்று சமன்செய்யுமாறு பரந்துள்ளன. 1953இல் ஆர். ஏ. பிஷர் கோளப் பரப்பிலுள்ள திசைகளுக்கென ஒரு பரம்பலையே வகுத்தளித்தார்.

ஆயினும், சராசரியை மட்டும் நம்பலாகாது. பசிபிக்கைச் சூழ்ந்த நெருப்பு வளையத்து நடுக்கங்களைக் கூட்டினால், மையம் வளையத்தின் நடுவே, நடுக்கம் குறைந்த ஆழ்கடலில் விழும். பரவலின் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

பருமனிலும் கவனம் தேவை. அது மடக்கை அளவீடு. பருமன் 1ஆல் கூடினால் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும். 2ஆல் கூடினால் 1000 மடங்காகும். எனவே சக்திக்கேற்ப நிறை கொடுத்தால், ஒரேயொரு பெரும் நடுக்கமே சராசரியைத் தன்பக்கம் இழுத்துவிடும்.

2004 டிசம்பர் 26 காலை, சுமாத்திராவுக்கு அருகே ஏற்பட்ட நடுக்கத்தின் பருமன் முதலில் 8 எனவே கணிக்கப்பட்டது, பின்னர் 9.1 எனத் திருத்தப்பட்டது. வரைபடத்தில் அது ஒரு புள்ளி. உண்மையில் பிளவு வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீண்டது. பேரலையின் வலிமை பிளவுக்குச் செங்குத்தாக, கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. அதனால் வடக்கிலிருந்த வங்காளதேசம் பெருமளவில் தப்பியது. மேற்கிலிருந்த நமது கிழக்குக் கரை, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அழிந்தது. கல்முனையும் மருதமுனையும் இழந்த உயிர்களை நம் வீடுகள் இன்னும் மறக்கவில்லை.

இடம், பருமன், திசை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பது பரீட்சைக்காக மட்டுமல்ல. கரையோரத்தில் வாழும் நமக்கு அது உயிர் காக்கும் கல்வி.