கண்டல் தாவரங்களின் இசைவாக்கங்கள்: மட்டக்களப்பு வாவியை உதாரணமாகக் கொண்டு

மாணவர்களே,

“கண்டல் தாவரங்களின் இசைவாக்கங்கள் மூன்றினைத் தருக” என்று கேட்டால், மூச்சுவேர், மிண்டிவேர், சீவசமுளைத்தல் என மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றீர்கள். “காரணம் கூறுக” என்று உபவினா வந்ததும் பேனை நின்றுவிடுகின்றது. ஆகவே உறுப்பின் பெயரைப் பாடமாக்குவதற்கு முன், அந்தத் தாவரத்துக்கு அங்கே என்ன கஷ்டம் என்று கேளுங்கள்.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கின்றது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலுடன் தொடுக்கப்படுகின்றது. வற்றுப்பெருக்கினால் கண்டல் நிலம் நாளுக்கு இரு தடவை மூழ்கி வெளிப்படும் என்று பொதுவாக எழுதப்படும். ஆனால் இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு. நமது வாவியில் பெரிய மாற்றம் நாளாந்தம் அல்ல, பருவத்துக்குப் பருவம் நிகழ்வது. வறண்ட மாதங்களில் முகத்துவாரத்தை மணற்றிடல் அடைத்துவிடும். நீர் ஆவியாகி உவர்த்தன்மை கூடும். வடகீழ்ப் பருவக்காற்று மழையுடன் உன்னிச்சை, நவகிரிப் பக்கத்து வெள்ளம் வந்து சேர, நீர்மட்டம் உயர்ந்து உவர்த்தன்மை வெகுவாகக் குறையும். முகத்துவாரம் உடைந்தால் அல்லது வெட்டிவிடப்பட்டால் கடல்நீர் மீண்டும் உள்ளே வரும். ஒரே மரம் இவ்வளவையும் ஒரே இடத்தில் நின்று தாங்க வேண்டும்.

முதற் கஷ்டம் உப்பு. பிரசாரணத்தின் போது நீர், செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்குச் செல்லும். எனவே உவர்நீரில் நிற்கும் சாதாரண செடியின் வேர் நீரை எடுப்பதற்குப் பதிலாக இழந்துவிடும். தண்ணீருக்குள் நின்றும் தாகம்! கண்டல் மரங்களின் வேர்கள் உப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாது தடுக்கின்றன. கண்ணா மரம் இன்னொன்றும் செய்கின்றது. உள்ளே வந்துவிட்ட உப்பை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகளால் வெளியேற்றுகின்றது. மழையில்லாத நாளில் கண்ணா இலையைத் தடவிப் பாருங்கள். வெண்ணிறப் பளிங்குகள் விரலில் ஒட்டும். தடித்த இலை, மெழுகுப்படை என்பனவும் இக்கஷ்டத்துக்கே உரியவை. அவை ஆவியுயிர்ப்பைக் குறைக்கின்றன.

தில்லை மரத்தின் இலையை மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிவை உண்டாக்கும்.

இரண்டாவது, சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. கண்ணாவின் கிடைவேரிலிருந்து பென்சில் போன்ற மூச்சுவேர்கள் மேல்நோக்கி வளர்கின்றன. அவற்றிலுள்ள பட்டைவாய்களினூடாக வளி உட்சென்று, காற்றறைகள் நிறைந்த மென்மையான இழையம் வழியாகக் கீழ் வேர்களை அடைகின்றது. கின்னைக்கும் மூச்சுவேர் உண்டு. அது கூம்பு வடிவில் தடித்திருக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, மூச்சுவேரின் நுனி நீருக்கு மேலே வந்தாற்றான் அது சுவாசிக்கும் என்பது. நீர்மட்டம் நெடுநாள் இறங்காவிட்டால் மரமே பட்டுப்போகலாம்.

மூன்றாவது, தளர்ந்த சேறு. கண்டல் என்ற பெயர் முழுத் தொகுதியையும் குறிக்கும். அதில் ஓர் இன மரத்தையும் குறிக்கும். அந்த மரத்தில் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் மிண்டிவேர்கள் அதைச் சரியாது தாங்குகின்றன. அதன் வித்து தாய் மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகத் தொங்கி, பின் விழுந்து சேற்றில் ஊன்றும் அல்லது மிதந்து வேறிடம் சேரும். இதுவே சீவசமுளைத்தல்.

இவ்வளவும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு ஓர் உண்மைச் சம்பவம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் இலங்கையில் பல கரைகளில் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. பொருத்தமற்ற இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். நல்ல மனத்தோடுதான் நட்டார்கள். ஆனால் எப்போதும் நீர் நிற்கும் தாழ்வில் நட்ட கன்று எப்படிச் சுவாசிக்கும்?

விடை எழுதும்போது கஷ்டம், உறுப்பு, தொழில் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேருங்கள். உதாரணம்: “சேற்றில் ஒட்சிசன் குறைவாதலால், கண்ணாவின் மூச்சுவேர்கள் நீருக்கு மேல் வளர்ந்து பட்டைவாய்களினூடாக வளியைப் பெறுகின்றன.”

பயிற்சி வினா

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரம் அடைபட்டு, மழை வெள்ளத்தால் நீர்மட்டம் பல வாரங்கள் உயர்ந்தே இருந்தது.
(i) கண்ணா மரத்தின் எந்த உறுப்பு முதலில் பாதிக்கப்படும்? காரணம் தருக.
(ii) அக்காலத்தில் அதன் இலைகளில் உப்புப் பளிங்குகள் கூடுமா, குறையுமா? விளக்குக.

குறிப்பு: (ii)க்கு விடை தேட, வெள்ளம் வாவி நீரின் உவர்த்தன்மையை என்ன செய்யும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.